குட்டிப் பிள்ளைகளும் வீட்டுச் சாமான்களின் பெயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வயதிலிருந்து மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் அது அப்பா அம்மாவோடு முடிவதில்லை. விடியற்காலையில் அவர்கள் செம்பனைக் காட்டுக்கோ தொழிற்சாலை வேனுக்கோ கிளம்பியபின், பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, தாஸ்காவில் (குழந்தைகள் பராமரிப்பு மையத்தில்) உள்ள மலாய்க்காரப் பெண் என்று பலர் கையில் பிள்ளை வளர்கிறது. முன்பு ஆயாக்கொட்டகையிலும் அப்படித்தான். பிள்ளைக்குச் சொல் கொடுப்பவர்கள் இவர்கள் எல்லாருமே.

பிள்ளை எந்த வயதில் பெயர்களைப் புரிந்துகொள்ளத் தொடங்கும்?

பலர் நினைப்பதைவிட வெகு சீக்கிரம். 2012-இல் எலிக்கா பெர்கெல்சன், டேனியல் ஸ்விங்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு இரண்டிரண்டு படங்களைக் காட்டி, ஒன்றின் பெயரை அம்மா அப்பாவை விட்டே சொல்லச் செய்து, கண் எந்தப் படத்துக்குப் போகிறது என்று அளந்தார்கள். உணவுப் பொருள்கள், உடல் உறுப்புகள் ஆகியவற்றின் பெயர்கள் சில அந்த வயதிலேயே குழந்தைகளுக்குப் புரிந்திருந்தன. வாயால் சொல்வது அதற்கு வெகு நாள் கழித்து: முதல் சொல் ஏறக்குறைய 12 மாதத்தில், 50 சொல் ஏறக்குறைய 18 மாதத்தில், இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது 2 வயதுக்குள். 50 சொல் புரிவதற்கும் 50 சொல் பேசுவதற்கும் நடுவே ஐந்து மாதம்போல இடைவெளி இருக்கும். இது சராசரிதான், பிள்ளைக்குப் பிள்ளை நிறைய மாறும்.

ஆகவே "இன்னும் பேசல, அதுகிட்ட என்னத்தச் சொல்றது" என்று எட்டு மாதக் குழந்தையிடம் சும்மா இருந்துவிடாதீர்கள்.

"டம்ளர்" என்று சொன்னால் அது டம்ளரைத்தான் குறிக்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

கேள்வி லேசாகத் தோன்றும், விஷயம் லேசானதல்ல. பாட்டி எவர்சில்வர் டம்ளரை நீட்டி "டம்ளர்" என்கிறார். அது பளபளப்பின் பெயரா, உள்ளே இருக்கும் மைலோவின் பெயரா, குடிப்பதற்கு உள்ள பெயரா, விளிம்பின் பெயரா? ஒரே ஒரு முறை கேட்டதை வைத்து இதைத் தீர்க்க வழியே இல்லை. பிள்ளை பல துப்புகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறது.

முதல் துப்பு, புதுச் சொல் என்றால் முழுப் பொருளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும் சாய்வு. இரண்டாவது, வடிவம். 1988-இல் பார்பரா லாண்டாவ், லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் ஆகியோர் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் வளைந்த மரத்துண்டு ஒன்றைக் காட்டி அதற்கு ஒரு பொய்ப் பெயர் வைத்தார்கள். அளவு மாறினாலும், துணி சுற்றியதுபோல மேற்பரப்பு மாறினாலும், வடிவம் அதேயாக இருந்தால் பிள்ளைகள் அதே பெயரைக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் டம்ளரும் எவர்சில்வர் டம்ளரும் ஒரே பெயருக்குள் வருவது இப்படித்தான்.

மூன்றாவது, ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்ற எண்ணம். மேசையில் கரண்டியும் மத்தும் கிடக்கின்றன. கரண்டி தெரியும், மத்து தெரியாது. "மத்த எடுத்துக் குடு பாப்பா" என்றால் இரண்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் மத்தைத்தான் எடுக்கும். கரண்டிக்குத்தான் ஏற்கனவே பெயர் இருக்கிறதே. இதைப் பார்த்து "ஒரே தடவையில கத்துக்கிச்சு" என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஜெசிகா ஹார்ஸ்டும் லாரிசா சாமுவெல்சனும் 2008-இல் 24 மாதப் பிள்ளைகளிடம் இதே மாதிரி செய்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார்கள். அதற்குள் பெயர் போய்விட்டிருந்தது. பிள்ளை எடுத்த பொருளை உடனே கண்முன் தூக்கிக் காட்டிப் பெயரை மறுபடி சொன்னபோதுதான் நின்றது. ஆகவே மத்தைக் கொடுத்த பிள்ளையிடம் "குட் கேர்ள்" என்று மட்டும் சொல்லி வாங்கிப் போட்டுவிடாமல், அதைப் பிடித்துக் காட்டி "மத்து. ஆமா, மத்து" என்று சொல்லிவிட்டுக் கடையப் போங்கள்.

நான்காவது துப்பு, பல இடங்களில் கேட்டதைக் கூட்டிக் கழிப்பது. காலையில் டம்ளரும் ரொட்டியும் இருந்தபோது "டம்ளர்" கேட்டது. சாயங்காலம் டம்ளரும் வாளியும் இருந்தபோதும் "டம்ளர்" கேட்டது. இரண்டிலும் இருந்தது ஒன்றுதான். 12 மாதக் குழந்தைகளே இதைச் செய்கின்றன என்று 2008-இல் லிண்டா ஸ்மித்தும் சென் யூவும் காட்டினார்கள்.

பெயர் சொல்லச் சரியான நேரம் எது?

பொருள் பிள்ளையின் கையில் இருக்கும்போது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

சென் யூவும் லிண்டா ஸ்மித்தும் 2012-இல் ஒன்றரை வயதுப் பிள்ளைகளின் தலையில் சிறிய கேமரா மாட்டி, பிள்ளையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பதிவு செய்தார்கள். பிள்ளைக்குக் கை குட்டை. பிடித்த பொருள் முகத்துக்கு மிக அருகில் வந்து, மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளும். அந்த நொடியில் சொன்ன பெயர்தான் பதிந்தது. பொருள் சிறிதாக, பத்துச் சாமான்களுக்கு நடுவே தெரிந்தபோது சொன்ன பெயர் பதியவில்லை.

நாம் வழக்கமாகச் செய்வது நேர் எதிர். பிள்ளை சிலிப்பரைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கும், நாம் அதைப் பிடுங்கி, "இங்க பாரு, பந்து! பந்து!" என்போம். மைக்கேல் டோமசெல்லோ 1986-இலேயே இதைச் சோதித்தார். பிள்ளை ஏற்கனவே கவனிக்கும் பொருளின் பெயரைச் சொன்னால் நன்றாகப் பிடிக்கிறது. கவனத்தை வேறு பக்கம் இழுத்துச் சொன்னால் குறைவாகத்தான் பிடிக்கிறது. ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையானால் இன்னும் சிக்கல்: நீங்கள் எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதைவிட, தனக்கு எது கவர்ச்சியாக இருக்கிறதோ அதன்மேல் பெயரை ஒட்டிவிடக்கூடும். ஒன்றரை வயதாகும்போது உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, கண் போகும் திசையைப் பிடிக்கத் தெரிந்துவிடும்.

செய்முறை இது:

1. பிள்ளை எதையாவது எடுக்கும்வரை காத்திருங்கள். இரண்டு மூன்று நொடி அதன் பாட்டுக்குப் பார்க்கட்டும்.
2. பெயரைத் தனியாகச் சொல்லுங்கள்: "சீப்பு."
3. பிறகு சின்ன வாக்கியங்களில் இரண்டு முறை: "பாப்பாவோட சீப்பு. சீப்பு வச்சுத் தல வாரலாமா?"
4. செய்து காட்டுங்கள். சீப்பு என்றால் வாரணும், வாளி என்றால் தண்ணீர் மொள்ளணும்.
5. பிள்ளை கீழே போட்டுவிட்டால் அத்துடன் விடுங்கள். மறுபடி கையில் திணிக்க வேண்டாம்.

மொத்தம் அரை நிமிட வேலை. இதற்கென்று தனியாக உட்கார நேரம் தேவையில்லை. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் நடப்பதுதான் நல்லது.

நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் சொற்கள் வரவில்லையே?

நீங்கள் பேசுவதை ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். "அத எடு", "இங்க வை", "இந்தா பிடி", "வேணாம், போடு." நம் வீட்டுத் தமிழில் பொருளின் பெயரை விட்டுவிட்டே பேசலாம், பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைக்கு வினை மட்டும் கிடைக்கிறது, பெயர் கிடைப்பதில்லை. "அத மூடு" என்பதை "போத்தல மூடு" என்று மாற்றினால் போதும். "இந்தா" என்று நீட்டும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சேருங்கள்: "இந்தா ஐயா, துண்டு."

இன்னொன்று, தமிழில் பெயர் அடிக்கடி வால் முளைத்து வரும். வாளி, வாளிய, வாளில, வாளியோட. வெவ்வேறு வடிவில் கேட்பது கெடுதல் இல்லை, பிள்ளைக்கு அதுவும் வேண்டும். ஆனால் புதுச் சொல்லை முதல் சில நாள்களுக்கு வால் இல்லாமலும் ஒரு முறை கேட்கட்டும். செய்முறையில் இரண்டாம் படி தனிச் சொல்லாக இருப்பது அதனால்தான்.

ஒரு சொல்லை எத்தனை முறை சொல்ல வேண்டும்?

இத்தனை என்று கணக்குக் கொடுக்க முடியாது. சொல்லைப் பொறுத்தது, பிள்ளையைப் பொறுத்தது. எண்ணிக்கையைவிட இடமும் நேரமும் முக்கியம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெப் ராய் தம் மகனின் 9-ஆம் மாதத்திலிருந்து 24-ஆம் மாதம்வரை வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார். 2015-இல் வெளிவந்த முடிவு: வீட்டின் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட சொற்களைப் பிள்ளை சீக்கிரம் பேசியது. எங்கும் எப்போதும் கேட்கும் சொல் பிந்தி வந்தது.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சிலிப்பர் எப்போதும் வாசல்படியில், வெளியே கிளம்பும்போது. வாளியும் சோப்பும் குளியலறையில். தொட்டில் கூடத்து ஸ்பிரிங்கில், மத்தியானத் தூக்கத்துக்கு. ஒரு வாரத்துக்கு ஐந்து பொருள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் இடத்தில், அதன் நேரத்தில் சொல்லுங்கள். அடுத்த வாரம் புதியது ஐந்து சேர்த்தாலும் பழையதை விட்டுவிடாதீர்கள்.

நாலு கால் உள்ளதெல்லாம் "மாடு" என்கிறாள். திருத்தலாமா?

தோட்டத்துச் சாலையில் மாடு தினமும் போகிறது, அதனால் நாயும் ஆடும் மாடாகிவிடுகின்றன. ஒன்றிலிருந்து இரண்டரை வயதுக்குள் இது சகஜம். பல நேரம் பிள்ளைக்கு வித்தியாசம் தெரிந்தே இருக்கும். வாயில் அந்த ஒரு சொல்தான் இருக்கும். "மாடு எங்க?" என்று கேட்டால் மாட்டைச் சரியாகக் காட்டும் பிள்ளையே நாயைப் பார்த்து "மாடு" என்று சொல்லும்.

"இல்ல, தப்பு" என்பதால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. பிரிக்கும் அடையாளத்தைக் கொடுங்கள்: "ஆமா, நாலு கால் இருக்கு. இது ஆடு. மேமேனு கத்துது பாரு, தாடி இருக்கு." முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்து காட்டுங்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறு கவனத்துக்கு வராமல் போகும்: பாட்டியின் நீலச் சிலிப்பர் மட்டுமே "சிலிப்பர்", அப்பாவுடையது இல்லை. இதற்கு மருந்து, ஒரே பெயருள்ள இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து வைப்பது. நிறம் வேறு, அளவு வேறு, வடிவம் ஒன்று. லிண்டா ஸ்மித்தும் அவரோடு இருந்தவர்களும் 2002-இல் 17 மாதப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை, ஏழு வாரம், இப்படி வடிவத்தால் ஒன்றான பொருள்களை வைத்து விளையாட்டுக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் சோதனைக்கு வெளியேயும், தங்கள் வீட்டில், பொருள்களின் பெயர்களை வேகமாகச் சேர்த்தார்கள். இதற்குக் கடைக்குப் போய் எதுவும் வாங்க வேண்டாம். பெரிய டம்ளர், சின்ன டம்ளர், பிளாஸ்டிக் டம்ளர் மூன்றும் அடுப்படியிலேயே இருக்கின்றன.

வடிவத்தை வைத்துப் பெயர் கொடுப்பதால் ஆபத்து உண்டா?

உண்டு. களைக்கொல்லியையோ மண்ணெண்ணெயையோ குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் குளியலறைக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பிள்ளைக்குப் போத்தலின் வடிவம் என்றால் "போத்தல்", போத்தல் என்றால் குடிப்பது. ஒட்டிய காகிதமோ நிறமோ நாற்றமோ அதைத் தடுக்காது. இப்படி மாற்றி ஊற்றவே ஊற்றாதீர்கள். மருந்து அதன் சொந்த டப்பாவில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும். பிள்ளை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பெயர் கற்றுக்கொடுக்கக் கையில் கொடுக்கும் பொருளும் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் இருக்க வேண்டும். காசு, பொத்தான் பேட்டரி, புளியங்கொட்டை, ரம்புத்தான் கொட்டை எதுவும் கூடாது.

"மூடி", "பிடி", "சக்கரம்" போன்ற பகுதிகளின் பெயர் ஏன் லேசில் வருவதில்லை?

புதுச் சொல்லை முழுப் பொருளுக்குக் கொடுப்பதால். போத்தலின் பெயரே தெரியாத பிள்ளையிடம் மூடியைத் தொட்டு "மூடி" என்றால், போத்தலே மூடியாகிவிடும். முதலில் முழுப் பொருளின் பெயர் நன்றாக நிற்கட்டும். பிறகு "இது போத்தல். போத்தலோட மூடி" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, மூடியைக் கழற்றிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கழற்ற முடியாத பகுதி என்றால், அது செய்யும் வேலையைக் காட்டுங்கள்: மோட்டார் சக்கரத்தைச் சுற்றிவிட்டு "சக்கரம்."

வீட்டில் தமிழ், தாஸ்காவில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பாதா?

குழம்பாது. மலேசியாவில் இந்தக் கேள்வியோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். சிலர் பயந்துபோய் வீட்டில் தமிழையே நிறுத்திவிடுகிறார்கள். அது தேவையில்லாத இழப்பு.

தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, எண்ணும் முறை. ஒரு பிள்ளைக்குத் தமிழில் 25 சொல், மலாயில் 20, ஆங்கிலத்தில் 10 என்றால், அவளிடம் 55 சொல் இருக்கிறது. தமிழை மட்டும் எண்ணிவிட்டு "25-தான், பின்தங்கிட்டா" என்பது தவறு. கிளினிக்கில் தாதி கேட்டாலும் எல்லா மொழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு, மேலே சொன்ன "ஒரு பொருளுக்கு ஒரு பெயர்" என்ற எண்ணம் பன்மொழிப் பிள்ளைகளிடம் தளர்ந்து இருக்கும். கிறிஸ்டா பயர்ஸ்-ஹைன்லைனும் ஜேனட் வெர்க்கரும் 2009-இல் 17, 18 மாதப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஒரு மொழிப் பிள்ளைகள் புதுப் பெயரைப் புதுப் பொருளுக்கே கொடுத்தார்கள். இரு மொழிப் பிள்ளைகளிடம் அது குறைவு. மூன்று மொழிப் பிள்ளைகளிடம் தெரியவே இல்லை. இது குறைபாடல்ல. ஒரே செருப்புக்கு வீட்டில் ஒரு பெயர், தாஸ்காவில் ஒரு பெயர் என்று தினமும் கேட்கும் பிள்ளைக்கு அந்த எண்ணம் உதவாது, அதனால் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. பயன் என்னவென்றால், நீங்கள் கரண்டி, மத்து மாதிரிச் சோதனை செய்து பிள்ளை தடுமாறினால் கவலைப்பட வேண்டாம்.

ஒலி மோதும் இடங்களும் உண்டு. மலாயில் கரண்டிக்குச் "சுடு" என்பார்கள். பாட்டி கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்து "சுடுது, தொடாத" என்கிறார். இரண்டும் சாப்பாட்டு நேரத்தில், ஒரே மேசையில் வரும் சொற்கள். சில வாரங்கள் பிள்ளை கரண்டியைக் கண்டு கையை இழுக்கலாம். யார் சொல்கிறார், எந்தத் தொனியில், எதைத் தொட்டபோது என்பதை வைத்துப் பிள்ளையே பிரித்துவிடும். நீங்கள் செய்யக்கூடியது, ஆறிய கரண்டியைக் கையில் கொடுத்து "கரண்டி" என்று உங்கள் சொல்லைத் தெளிவாகச் சொல்வது. பாட்டிக்குத் தமிழ்தான் சரளம் என்றால் அவர் தமிழிலேயே பேசட்டும். தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு சுருங்கிவிடும்.

"மம்மம்", "டாட்டா", "தாச்சி" என்று குழந்தை மொழியில் பேசுவது கெடுதலா?

இல்லை. ஒரே அசை இரட்டிக்கும் சொற்கள் பிஞ்சுக் காதுக்குப் பிடிக்கச் சுலபம். எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட சொற்களை அதிகம் கேட்ட குழந்தைகளின் சொல்வளம் 9 முதல் 21 மாதத்துக்குள் வேகமாக வளர்ந்தது. ஒன்றரை வயதுக்குப் பிறகு "மம்மம் சாப்பிடலாமா, சோறு சாப்பிடலாமா" என்று பெரியவர்கள் சொல்லையும் பக்கத்தில் வையுங்கள்.

கைப்பேசி வீடியோ, பட அட்டை?

வீடியோவால் இந்த வயதில் பெயர் கற்பது மிகக் குறைவு. 2010-இல் ஜூடி டெலோச்சும் குழுவினரும் 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்குச் சொல் கற்பிக்கும் வீடியோவை ஒரு மாதம் வீட்டில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். வீடியோ பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகம் கற்கவில்லை. வீடியோ இல்லாமல், பெற்றோர் அன்றாட வேலைகளுக்கு நடுவே அதே சொற்களைச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். யாரும் பார்க்காமல் ஓடும் டிவியும் பெரியவர்களின் பேச்சைக் குறைக்கிறது. அணைத்துவிடுங்கள்.

பட அட்டை கெடுதல் இல்லை, மடியில் வைத்துப் பார்க்கும் புத்தகம் அதைவிட மேல். தினமும் புதுசு தேட வேண்டாம். அதே புத்தகத்தைப் பிள்ளை கேட்டால் அதையே படியுங்கள். படத்தில் சீப்பைக் கண்டதும் வீட்டுச் சீப்பை எடுத்து வந்து பக்கத்தில் வைப்பது இன்னும் நல்லது.

சொல் உண்மையிலேயே புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பிள்ளைக்குப் பிடித்த அளவு சமமாக உள்ள இரண்டு பொருளை எடுங்கள். பந்தையும் துண்டையும் வைத்தால் எப்போதும் பந்தைத்தான் எடுக்கும், அது சோதனையாகாது. இரண்டையும் ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், பொருளைப் பார்க்காதீர்கள், கை நீட்டாதீர்கள். "சீப்பு எங்க?" என்று ஒரு முறை கேட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். பிறகு பக்கம் மாற்றி வைத்து மறுபடி. நான்கு முறை செய்யுங்கள். ஒரு முறை சரியாவது பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். நான்கும் குருட்டாம்போக்கில் சரியாவது பதினாறில் ஒன்று.

பெரும்பாலும் கெட்டுப்போவது நம் கண்ணால்தான். கேட்கும்போதே சரியான பொருளை ஓரக்கண்ணால் பார்த்துவிடுவோம். பிள்ளை சொல்லைப் படிக்காமல் நம் கண்ணைப் படித்துவிடும்.

"இது என்ன?" என்று கேட்டால் வாயைத் திறப்பதே இல்லை.

கேட்பதைக் குறையுங்கள். விருந்தாளி முன் வைத்து "சொல்லு, சொல்லு" என்பது வேண்டவே வேண்டாம். ஒரு முறை கேட்டால் நான்கு முறை நீங்களே சொல்லிக் கொடுங்கள். பேச வைக்க வேண்டுமானால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: "ரொட்டி வேணுமா, பழம் வேணுமா?" கை நீட்டினாலும் அது பதில்தான், "பழமா, இந்தா பழம்" என்று கொடுங்கள்.

எப்போது கிளினிக்குப் போக வேண்டும்?

12 மாதமாகியும் மழலையோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை. 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை. 24 மாதமாகியும் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை. அல்லது எந்த வயதிலும், பேசிய சொற்கள் மறைந்துவிட்டன. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். "அவுங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் போங்கள். மூன்று மொழி வீடு என்பதும் காத்திருக்கக் காரணமல்ல.

முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சளி பிடித்துப் பிடித்துக் காதுக்குள் நீர் கோத்தால் பிள்ளைக்கு அரைகுறையாகக் கேட்கும். கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திரும்பும், "சீப்பு" "சோப்பு" வித்தியாசம் பிடிபடாது. வீட்டில் கூப்பிட்டால் திரும்புகிறாள் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் 18-ஆம் மாதப் பரிசோதனையில் எம்-சாட் என்ற, ஆட்டிசம் அறிகுறி உண்டா என்று பார்க்கும் கேள்விப் படிவம் தருவார்கள். அவசரமாக டிக் போடாமல், பகலில் பிள்ளையோடு இருப்பவரையும் கேட்டு நிரப்புங்கள். முடிந்தால் பாட்டியையே அழைத்துப் போங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு ஒரு தாளும் கொண்டு செல்லுங்கள். அதில் பிள்ளை சொல்லும் சொற்கள் ஒரு வரிசை, சொல்லாமல் புரிந்துகொள்ளும் சொற்கள் ஒரு வரிசை, மூன்று மொழியும் சேர்த்து. உச்சரிப்பு சரியில்லாவிட்டாலும், "வாளி"யை "ஆயி" என்றாலும், அதே பொருளுக்கு அதே ஒலியை எப்போதும் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.